குடியிருப்போர் நலச் சங்கம், பல்லடம் வட்டாரம்: செயலாளர் ஆண்டறிக்கை (2020 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கமுங்க.

2020-ல் பொதுக்குழு கூட்ட வழியில்லை. 2021-ல் நாள் குறித்து நோட்டீஸ் அடித்த பிறகு கொரோனா இரண்டாவது அலை வந்துவிட்டது. ஆகவே இரண்டு ஆண்டு அறிக்கையையும் சேர்த்தே வாசிக்கிறேன். இந்த இரண்டு ஆண்டுகளில் நோய்த்தொற்றால் நாம் இழந்த உறுப்பினர்களுக்கும், உறுப்பினர் வீடுகளில் காலமானவர்களுக்கும், லைன் வீடுகளில் (வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் சிறு வீடுகளில்) இறந்துபோனவர்களுக்கும் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. கூட்டம் தொடங்கும் முன் எழுந்து நின்றபோது நாம் நினைத்துக்கொண்டது அவர்கள் எல்லோரையும்தான்.

வழக்கமான பணிகள்

பொங்கல் விளையாட்டு விழா இரண்டு ஆண்டும் நடத்தவில்லை. மூன்றாம் வீதி சாக்கடை அடைப்பு பலமுறை மனு கொடுத்த பிறகு சரி செய்யப்பட்டது. எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. கபசுரக் குடிநீர் வீடு வீடாகக் கொடுத்தோம். பஞ்சாயத்துப் பள்ளியில் நடந்த தடுப்பூசி முகாம்களுக்கு நாற்காலி, பந்தல், குடிதண்ணீர் ஏற்பாடு செய்தோம். நாய்த் தொல்லை அப்படியே இருக்கிறது.

உதவி மேசை

அரசு உதவி பெற மனுவும் பதிவும் செய்து கொடுக்க நாம் போட்ட இந்த மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுப்பினர் அல்லாத வாடகைக்காரர்களுக்குச் சங்கப் பணம் எதற்கு என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்தது, வெளியிலும் பேச்சு இருக்கிறது. பொதுக்குழு முழு விவரத்தையும் கேட்டுவிட்டு முடிவு சொல்லட்டும்.

2020 மார்ச் 24 மாலை மாநிலத்தில் 144 தடை வந்தது, மறுநாள் நாடே பூட்டப்பட்டது. அந்த வாரம் நம் பகுதியில் தறிச் சத்தம் நின்றது, பனியன் கம்பெனி வேன் வருவது நின்றது. சொந்த வீடும் பென்ஷனும் மாதச் சம்பளமும் உள்ள நமக்கு அது வீட்டிலேயே இருக்க வேண்டிய காலம். நம் வீதிகளுக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருக்கிறவர்களுக்கு அது சனிக்கிழமைக் கூலி நின்றுபோன காலம். வாரக் கூலிக்காரருக்கு இரண்டாவது சனிக்கிழமையைத் தாண்டக் கையில் எதுவும் இருப்பதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாநில அரசு அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையை விலையில்லாமலும் கொடுத்தது. மத்திய அரசு மார்ச் 26 அன்று 1.70 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அதில் ஆளுக்கு 5 கிலோ கூடுதல் அரிசி, பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம், உஜ்வலா இணைப்புக்கு மூன்று சிலிண்டர், பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி என்று பல இருந்தன. தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்தவர்களுக்குத் தனியாக 1,000 ரூபாய். 2021-ல் புதிய அரசு கார்டுக்கு 4,000 ரூபாயை மே, ஜூன் என இரண்டு தவணையாகவும், ஜூனில் 14 வகை மளிகைப் பொருளும் கொடுத்தது. இவையெல்லாம் நிஜமாகவே வந்து சேர்ந்த உதவிகள். வந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ஆனால் இதில் எதை வாங்கவும் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். கார்டு உள்ளவருக்கு அரிசி. வாரியத்தில் பதிந்தவருக்கு ஆயிரம். ஜன்தன் கணக்குக்கு ஐநூறு. பி.எஃப். எண் உள்ளவருக்கு அவர் சேர்த்த பணம். எந்தக் காகிதமும் இல்லாதவர் யார் என்று பார்த்தால், இருப்பதிலேயே கஷ்டப்பட்டவர் அவர்தான். கான்ட்ராக்டர் கீழே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு பி.எஃப். கிடையாது. தைத்த துணியில் பிசிர் வெட்டும் பெண்கள் எந்த வாரியத்திலும் பதிந்ததில்லை. சிலருக்கு வங்கிக் கணக்கு இருந்தது, ஆனால் அது ஜன்தன் கணக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நோய் எல்லோருக்கும் பொதுவாக வந்தது என்று அப்போது பலரும் பேசினோம். பணக் கஷ்டம் பொதுவாக வரவில்லை. ஏற்கெனவே கீழே இருந்தவர்களைத்தான் அது முதலில் பிடித்தது, கடைசியில் விட்டது. சிலரை இன்னும் விடவில்லை.

இதைப் பார்த்துத்தான் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு மேசை போட்டோம். ஒரு பழைய லேப்டாப், ஜெராக்ஸ் எடுக்கக் கொஞ்சம் பணம், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், கல்லூரி மூடியதால் வீட்டிலிருந்த பிள்ளைகள் சிலர். கார்டு முகவரி மாற்றம், வாரியப் பதிவு, வங்கிக் கணக்கு, முதியோர் உதவித்தொகை மனு, பிறகு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் பதிவு), இதுதான் வேலை. 2020 நடுவில் அமைப்புசாராத் தொழிலாளர் வாரியப் பதிவு இணையவழி ஆனது. ஸ்மார்ட்போனே இல்லாத வீட்டுக்கு அது நல்லதா கெட்டதா என்பது பக்கத்தில் யாராவது உட்கார்ந்து உதவுகிறார்களா என்பதைப் பொறுத்தது. ஓ.டி.பி. வருவதற்குள் பக்கத்து வீட்டுப் போனை வாங்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

ஒரே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை, வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பிள்ளைகள். கார்டு மாமியார் ஊர்க் கடையில். 2020 ஏப்ரலில் அந்த 1,000 ரூபாயும் அரிசியும் அந்தக் கடையில்தான் கிடைக்கும். மாவட்டம் விட்டு மாவட்டம் போகப் பாஸ் வேண்டும், பஸ் கிடையாது. பிளாஸ்டிக் கவருக்குள் கார்டை வைத்துக்கொண்டு, “அரிசி அங்க இருக்குதுங்க, நாங்க இங்க இருக்கறோம்” என்றார். அந்த மாதம் அவர்கள் சாப்பிட்டது பக்கத்து மில்காரர் ஒருவரும் சில இளைஞர்களும் கொடுத்த பொட்டலச் சோறு. அக்டோபர் 1 முதல் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்று ஆனது. ஆனால் நிவாரணத் தொகைக்கான டோக்கன், கார்டு பதிவாகியிருக்கிற கடையில்தான் கிடைக்கும். முகவரியை இங்கே மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டின் உரிமையாளர் நம் சங்க உறுப்பினர். அவரிடம் கேட்டபோது வந்த பதில்: “கையெழுத்துப் போட்டா நாளைக்கு வூடே எனக்குன்னு நிப்பாங்க, அதெல்லாம் ஆகாதுங்க.” பிறகு கேஸ் புத்தகத்தை வைத்து, அலைந்து, மனுவைத் திரும்பத் திரும்பப் போட்டு, எப்படியோ முகவரி மாறியது. 2021 மே மாதம் இரண்டாயிரமும், ஜூனில் இன்னொரு இரண்டாயிரமும் மளிகைப் பையும் இங்குள்ள கடையிலேயே வாங்கினார். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களுக்கு அந்த ஜூனில் தளர்வு தாமதமாகத்தான் வந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மற்ற மாவட்டங்களில் கடை திறந்த பிறகும் நம் பக்கம் வேலை இல்லை. அந்த நாட்களை அவர்கள் கடன் வாங்காமல் கடந்தார்கள்.

இப்படி மேசைக்கு வந்தவர்கள் பலர். எல்லாருக்கும் ஆகிவிடவில்லை. பீகார், ஒடிசாப் பையன்கள் பலர் 2020 மே மாதம் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கிளம்பிய சிறப்பு ரயில்களில் போய்விட்டார்கள், நம்மால் பதிவு செய்து கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். கார்டு இல்லாத வெளிமாநிலத்தாருக்கு மே, ஜூன் இரண்டு மாதம் 5 கிலோ தானியம் என்று அறிவித்தபோது, இங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள்.

நோயால் இறந்தவர் குடும்பங்களுக்கு 50,000 ரூபாய் உதவிக்கும் மனு எழுதினோம். பாசிட்டிவ் ரிப்போர்ட் இருந்தவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. லைன் வீட்டில் மூச்சுத்திணறி, டெஸ்ட் எடுக்கும் முன்பே இறந்த ஒருவரின் மனைவிக்கு இன்னும் வரவில்லை. அந்த மனுவைக் கைவிடவில்லை, மேல்முறையீட்டில் இருக்கிறது.

தறிக்காரர்கள்

நம் உறுப்பினர்களிலேயே சொந்தத் தறி வைத்து, ஜவுளிக்காரர்களுக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பணக்காரர் கணக்கில் வைக்கவும் முடியாது, தொழிலாளர் கணக்கில் வைக்கவும் அரசுக்கு மனம் வரவில்லை. 2020 மே மாதம் சிறுதொழில்களுக்கு அடமானம் இல்லாமல் 3 லட்சம் கோடி கடன் என்றார்கள். விவரம் கேட்கப் போனால், 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் தருவோம் என்றார்கள். வங்கிக் கடன் உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கடன். நான்கு தறி வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் மனைவி நகையை அடகுக்கடையில் வைத்துத் தறி வாங்கியவர், வங்கி வாசலே மிதிக்காதவர். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டுறவு வங்கியில் நகை வைத்தவர்களுக்கு 2021-ல் 5 பவுன் வரை தள்ளுபடி அறிவிப்பு வந்தது. அடகுக்கடையில் வைத்ததற்குத் தள்ளுபடி ஏது?

2021 நவம்பர் முதல் தேதி நூல் விலை ஒரே நாளில் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது. 26-ம் தேதி திருப்பூரே கடையடைத்தது. கூலியோ 2014-ல் பேசியதோடு நின்றிருந்தது. நவம்பர் பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று சொன்னார்கள், அது கைக்கு வரவில்லை. 2022 ஜனவரி 9 முதல் தறிகளை நிறுத்தினார்கள், பிப்ரவரியில்தான் மறுபடி ஓடியது. இடையில் நான்கு தறி வைத்திருந்த அந்த நண்பர் இரண்டு தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார். எடை போட்டு ஏற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். அதில் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் மனைவி இருவரும் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கட்ட முடியாமல் வேறு தறிக் கொட்டாய்க்கு மாறினார்கள், முன்பணமும் அவர்கள் கூடவே மாறியது.

பெண்களின் குழுக்கடன் பற்றியும் ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட வழி செய்தது. அது தள்ளுபடி அல்ல, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதையும் கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கே கொடுத்தார்கள். ஜூன் மாதமே வசூலுக்கு ஆள் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். நம் மேசையில் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டிச் சிலர் தப்பித்தார்கள்.

செயற்குழுவில் எழுந்த கேள்விக்குப் பதில்

“வாடகைக்கு இருக்கறவங்களுக்கு எதுக்குங்க சங்கப் பணம்? அவங்க மெம்பரா?” என்று கேட்கப்பட்டது. கேட்டவர்கள் என் மரியாதைக்குரியவர்கள். பதிலைப் பதிவு செய்கிறேன்.

சங்கப் பணத்தில் மேசைக்குச் செலவானது ஜெராக்ஸ், நெட் ரீசார்ஜ், மனுக்களுக்கான தபால் இவ்வளவுதான். பில் அத்தனையும் பொருளாளரிடம் இருக்கிறது. லைன் வீட்டுக்காரர்கள் உறுப்பினர்கள் இல்லை, உண்மை. ஆனால் நம் வீதியில் குப்பை வாரியவர்கள், நம் வீட்டில் பாத்திரம் கழுவியவர்கள், நம் தறியை ஓட்டியவர்கள் அவர்களே. அவர்கள் கொடுக்கும் வாடகையில்தான் நம்மில் பலருக்கு வீட்டு வரியும் மளிகையும் நடக்கிறது. மேசையில் உதவி பெற்ற குடும்பங்கள் சில, யாரும் கேட்காமலே மாதம் பத்து ரூபாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகின்றன. அதற்கும் ரசீது போட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவு ஒன்று வந்தது. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று அதில் இருந்தது. நம் உறுப்பினர்களில் சிலர் உத்தரவு வரும் முன்பே விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் மூன்று மாதம் வாங்கவே இல்லை, பேர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. சிலர் அட்வான்ஸில் கழித்தார்கள். சிலர் கதவைத் தட்டிக் கேட்டார்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்களை, நோய் பயத்தில், வரவேண்டாம் என்று சொன்னோம். அதில் தப்பில்லை. ஆனால் சம்பளமும் நிறுத்தியது எத்தனை வீடு? வேலைக்கு வராமல் இருந்தது அவர்கள் விருப்பம் இல்லையே. கரண்டுக்கும் இதே கதைதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருக்கிறது. சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் லைன் வீட்டில் அந்தச் சலுகை குடியிருப்பவரைச் சேர்வதில்லை. அரசு கொடுப்பது போதவில்லை என்று பேசுகிற நாம், அரசு கொடுத்தது நம் வாசலோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் படிப்பு

2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன். லைன் வீட்டில் அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். இந்த இடைவெளியில் சில பையன்கள் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கும் உதவியாள் வேலைக்குப் போனார்கள். அவர்களில் சிலரையே பள்ளிக்குத் திருப்ப முடிந்தது. இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்று நம் மண்டபத்தில் நடக்கிறது. தன்னார்வலராக வரும் பெண் லைன் வீட்டிலேயே வளர்ந்தவர்.

உறுப்பினர் வருகையும் சந்தாவும்

செயற்குழுக் கூட்டங்களுக்குப் பலமுறை கோரம் இல்லை. வாட்ஸ்ஆப் குழுவில் காலை வணக்கம் தவறாமல் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு ஆள் வருவதில்லை. மாதம் 50 ரூபாய் சந்தாவில் பாதிக்கு மேல் வீடுகளில் நிலுவை. தறி நின்றவர்கள், வேலை போனவர்கள், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்கள், இவர்களிடம் நான் கேட்கவே இல்லை, இனியும் கேட்கப் போவதில்லை. அவர்கள் நிலுவையைத் தள்ளுபடி செய்யும் தீர்மானத்தை இன்று கொண்டுவருகிறேன், ஆதரிக்க வேண்டுகிறேன். நான் சொல்வது இந்த இரண்டு வருடத்தில் மாடி எடுத்துக் கட்டியவர்கள், புது வண்டி எடுத்தவர்கள் நிலுவையைப் பற்றி. ரசீது புத்தகத்தோடு போனால் “அடுத்த மாசம் சேத்திக் குடுக்கறனுங்க” என்ற பதில் எத்தனை அடுத்த மாதத்துக்கு?

வரவு செலவு

கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டு, சங்கங்கள் பதிவுச் சட்டப்படி தாக்கல் செய்யும் நிலையில் உள்ளன. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, சந்தா வரவு குறைந்தது, விழாச் செலவு இல்லாததால் செலவும் குறைந்தது, வைப்புத்தொகையைத் தொடவில்லை, சிறு தொகை கையிருப்பில் உள்ளது.

நன்றி

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பஞ்சாயத்து நிர்வாகம், சுகாதார ஊழியர்கள், கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கடை ஊழியர்கள், மண்டபம் கொடுத்த கோயில் கமிட்டி, உணவு வழங்கியவர்கள் அனைவருக்கும் நன்றி. வெயிலிலும் தொற்றிலும் ஒரு நாளும் நிற்காமல் வந்த தூய்மைப் பணியாளர்களுக்குத் தனியாக நன்றி. மேசையில் உட்கார்ந்த வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் என் சொந்த நன்றி.

வரும் ஆண்டு

இன்றோடு என் பதவிக்காலம் முடிகிறது. தொடரச் சொன்னால் தொடர்கிறேன், வேறு ஒருவர் வந்தால் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுக்கிறேன். யார் வந்தாலும் மேசையை மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விலைவாசி ஏறியிருக்கிறது, நூல் விலை இறங்கவில்லை, முன்பணமும் குழுக்கடனும் அப்படியே நிற்கின்றன. இன்னொரு முறை வேலை நின்றால் அரசு மறுபடி ஏதாவது அறிவிக்கும். அன்றைக்குக் காகிதம் தேடி ஓடுவதை விட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

அதற்கு வீட்டு உரிமையாளர்களிடம் நான் கேட்பது ஒரு கையெழுத்து. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமே எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் போட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்ற பயம் வேண்டாம். எத்தனை மாதம், என்ன வாடகை, எப்போது காலி செய்ய வேண்டும் என்று எழுத்தில் இருப்பது உரிமையாளருக்கும் பாதுகாப்புத்தான். சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் எளிய தமிழில் எழுதிக் கொடுத்த படிவத்தை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஒவ்வொருவரும் வாங்கிப் போகவும். லைன் வீடு வைத்திருப்பவர்கள் எத்தனை குடித்தனம் இருக்கிறதோ அத்தனை படிவம் எடுத்துக்கொள்ளவும். நிரப்பத் தெரியாவிட்டால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு வாருங்கள், குடியிருப்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சந்தா நிலுவைப் பட்டியல் அதே மேசையில், பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்